மறு: 'இன்சைட் ஃபிஃப்டி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழை தொடங்கிய நாளிலிருந்து ஒரு மடல் விடாமல் வாசித்து வருகிறேன். மெல்பர்னில் வசிப்பவன், மெல்பர்ன் டீமன்ஸ் அணியின் விசிறி. ஆஸ்திரேலியக் கால்பந்துக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று உருவாகிறது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 'இன்சைட் ஃபிஃப்டி' என்ற இந்தச் சொல்லில், அதாவது எதிரணிக் கோலுக்கு முன்னுள்ள 50 மீட்டர் வளைவுக்குள் ஓர் அணி எத்தனை தடவை பந்தைக் கொண்டுபோனது என்ற கணக்கில், நான் வாய் திறக்காமல் இருக்க முடியாது. என் அணி வீழ்ந்த கதையே இந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

> 'ஊடுருவல்' போதுமே. செய்தித்தாளில் புழங்கும் சொல். பந்து எதிரணி வளைவுக்குள் போவதைத்தானே சொல்கிறோம்?

ஐயா, போவதைத்தான் சொல்கிறோம். ஆனால் ஊடுருவுதல் என்றால் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவது. ராமன் அம்பு ஏழு மரங்களையும் ஊடுருவியது என்கிறோம்; முதல் மரத்திலேயே குத்தி நின்றிருந்தால் அப்படிச் சொல்லமாட்டோம். இந்தப் புள்ளிவிவரத்தில் குத்தி நின்ற அம்பும் ஒன்று, துளைத்துப் போன அம்பும் ஒன்று. இரண்டையும் சமமாக எண்ணுகிறார்கள். அதற்கு வெற்றியை உள்ளே வைத்திருக்கும் சொல்லைக் கொடுத்தால், எண்ணைப் பார்க்கிறவர் ஏமாந்து போவார். நானே ஏமாந்திருக்கிறேன்.

2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை இரவு. எம்சிஜி மைதானத்தில் தகுதி இறுதிப் போட்டி (தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு), கோலிங்வுட்டுக்கு எதிராக. அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அவருக்குக் கிரிக்கெட்தான் உயிர். இந்த ஆட்டத்தை அதுவரை முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. விதிகளை வழியிலேயே சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்துக்கு 18 பேர், நீள்வட்டக் களம், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. 15 மீட்டராவது பறந்து வந்த உதையை நிலத்தில் படாமல் பிடித்தால், யாரும் தடுக்காத ஓர் உதை அவருக்கு உரிமை. கோல் கோட்டிலிருந்து 50 மீட்டரில் ஒரு வளைவு வரைந்திருக்கும். நடுக்களத்திலிருந்து அதற்குள் பந்தைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும்தான் நாம் இங்கே பெயர் தேடும் அந்தக் கணக்கு.

அன்று அந்தக் கணக்கு எங்களுக்கு 69, கோலிங்வுட்டுக்கு 37. இந்த எண்களை மட்டும் காட்டி யார் வென்றார் என்று கேட்டால், ஆட்டம் தெரிந்த எவரும் மெல்பர்ன் என்றுதான் சொல்வார். முடிவு: கோலிங்வுட் 9.6 (9 கோல், 6 ஓரப்புள்ளி), அதாவது 60 புள்ளி. மெல்பர்ன் 7.11, 53 புள்ளி.

மூன்றாம் கால்பகுதியில் அப்பா கேட்டார்: "போய்ப் போய் வருகிறார்களே தவிர ஒன்றும் ஆகவில்லையே, ஏன்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் ஓரளவு புரிந்தது. இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, ஆட்டம் ஓடும்போது ஆட்கள் எங்கும் நிற்கலாம். ஒரு அணி விடாமல் அழுத்தினால், எதிரணி ஆட்களைப் பின்னால் இழுத்துக் கோல் முகத்தை அடைத்துக்கொள்ளலாம். அப்போது எங்கள் நடுக்களம் வலுவாக இருந்தது: மாக்ஸ் கான் உயரப் பந்தைத் தட்டிக் கொடுத்தார், பெட்ராக்காவும் ஆலிவரும் கூட்டத்துக்குள் புகுந்து எடுத்தார்கள். எடுத்தவுடன் கால் போன திசையில் நீளமாக, உயரமாக உள்ளே ஓர் உதை. அங்கே எங்கள் முன்வரிசைக்கு இடமே இல்லை. ஒருவரைச் சுற்றி மூன்று தற்காப்பாளர்கள். உயரத்தில் வரும் பந்து தற்காப்பாளருக்குத்தான் வசதி. பிடித்தால் நல்லது, பிடிக்க முடியாவிட்டால் முஷ்டியால் குத்தி ஓரத்துக்கு அனுப்பினாலே போதும். கோலிங்வுட்டில் டார்சி மூர் போன்றவர் இதற்கென்றே இருப்பவர். குத்திய பந்து மூலைக்குப் போகும், மூலையிலிருந்து உதைத்தால் கோண நெருக்கடியில் 1 புள்ளிதான் தேறும். எங்கள் 11 ஓரப்புள்ளிகளில் ஒரு பகுதியாவது குறி தவறியதால் வந்ததல்ல, பந்து உள்ளே போன விதத்தால் வந்தது என்பது என் கணிப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் ஏறி நிற்பதால், கோலிங்வுட் பந்தை மீட்டு வெளியே கொண்டுவந்தால் எதிரே திறந்த வெளி. அவர்கள் 37 தடவைதான் உள்ளே போனார்கள், ஆனால் ஓடுகிறவருக்கு முன்னால் இடம் இருந்தது. 37-இல் 15 தடவை ஏதோ ஒரு புள்ளி எடுத்தார்கள். நாங்கள் 69-இல் 18. உள்ளே அதிகம் போனதே, போன ஒவ்வொன்றின் மதிப்பையும் குறைத்தது. இது நடக்கும் என்பதால்தான் சொல் பாரபட்சமற்றதாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஹாரிசன் பெட்டி, ஜேக் மெல்க்ஷம் இருவரும் காயத்தால் அந்த இறுதிச் சுற்றில் ஆடவில்லை, முன்வரிசை ஏற்கெனவே மெலிந்திருந்தது. ஆங்கஸ் பிரேஷா முதல் கால்பகுதியிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை, 2024 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். அவர் விழுந்த கணம் இன்றும் என் கண்ணிலிருந்து போகவில்லை.

அடுத்த வாரம் கார்ல்டனுடன் அரையிறுதி. நாங்கள் 9.17, அதாவது 71. கார்ல்டன் 11.7, 73. கடைசி நிமிடத்தில் கார்ல்டனின் பிளேக் ஏக்கர்ஸ் உதைத்த கோல். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து நாங்கள் 16.28, எதிரணிகள் 20.13. மொத்தம் ஒன்பது புள்ளியில் ஒரு பருவம் முடிந்துவிட்டது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> 'புகல்' சுருக்கமாக இருக்கிறது. 'புகு' என்ற வினையிலிருந்து நேராக வருகிறது.

அக்கா, இலக்கணப்படி குறையே இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழரிடம் 'புகல்' என்று சொல்லிப் பாருங்கள். புகலிடம், புகலிடக் கோரிக்கை என்றுதான் காதில் விழும். படகில் வந்தவர்களும் விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு விளையாட்டுக் கணக்குக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே வினை இருக்கட்டும், வடிவத்தை மாற்றுவோம்.

'உள்ளைம்பது' வேண்டாம் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தை அப்படியே திருப்பிப் போட்டது, கேட்டால் உள்ளே ஐம்பது ரூபாய் இருக்கிறது போல இருக்கிறது.

என் முன்மொழிவு: புகுபந்து.

சுடுசோறு, குடிநீர் போல வினைத்தொகை. பந்து புகுந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பிடித்தார்களா, கோல் ஆனதா, பறிபோனதா என்பதெல்லாம் அதன் பிறகு. சடுகுடுவில் இதை நாம் இயல்பாகவே செய்கிறோம். பாடிப் போனவர் ஒருவரையும் தொடாமல் திரும்பினாலும் அது ஒரு ரெய்டுதான். 'வெற்று ரெய்டு' என்று கூடவே இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறோம். எண்ணிக்கைக்கு ஒரு சொல், பலனுக்கு வேறு சொல்.

இன்னொரு வசதி, இதற்கு இணை கிடைக்கிறது. தன் தற்காப்பு வளைவிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவதையும் இங்கே தனியாக எண்ணுகிறார்கள். அதை 'மீள்பந்து' என்று சொல்லலாம். புகுபந்து, மீள்பந்து. "மெல்பர்னின் புகுபந்துகளை எல்லாம் கோலிங்வுட் மீள்பந்துகளாக மாற்றியது" என்று எழுதினால் அன்றைய ஆட்டம் ஒரே வரியில் வந்துவிடுகிறது.

'புகுஉதை' என்று நண்பர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். அது சரிவராது. பந்தைக் கையில் வைத்து ஓடியே வளைவைத் தாண்டலாம், முஷ்டியால் குத்தியும் உள்ளே தரலாம். எல்லாமே எண்ணிக்கையில் சேரும்.

பலனுக்கான சொற்களில் இரண்டு மிக அவசரமாகத் தேவைப்படுகின்றன. முதலாவது, ஆளைப் பாராமல் உள்ளே நீளமாகத் தூக்கிப் போடும் அந்த உதை. மூட்டையைத் தட்டிக் கொட்டுவது போல இருப்பதால் 'கொட்டுதை' என்று வைத்துப் பார்க்கிறேன். இரண்டாவது, பந்து வைத்திருப்பவரை நோக்கி முன்வரிசையாளர் வளைவுக்குள்ளிருந்து எதிரே ஓடிவருவது. நல்ல புகுபந்தின் உயிரே அதில்தான். தற்காப்பாளர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார், பந்து மார்பு உயரத்தில் வந்து சேரும். 'எதிரோட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது.

2021-இல் இதே அணி, இதே நடுக்களம், கொட்டுதையும் ஓரளவு இதே. ஆனால் அந்தச் செப்டம்பர் 25-ஆம் தேதி பெர்த்தில் 21.14-க்கு 10.6 என்று வெஸ்டர்ன் புல்டாக்ஸை வென்றோம், 74 புள்ளி வித்தியாசம். மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்த அணி அது. 1964-க்குப் பின் 57 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த கோப்பை. அன்று எது வேறு? ஸ்டீவன் மேயும் ஜேக் லீவரும் பின்னால் நின்று வெளியே வந்த பந்தை இடைமறித்துப் பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். எதிரணிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. நான்காவது தடவை உள்ளே போனபோது தற்காப்பு கலைந்திருந்தது. பிறகு மற்ற அணிகள் அந்தச் சுவரைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன. நாங்கள் உள்ளே அனுப்பும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. 2022-இலும் முதல் நான்கில் முடித்து சிட்னியிடம் 22 புள்ளியிலும் பிரிஸ்பேனிடம் 13 புள்ளியிலும் அடுத்தடுத்துத் தோற்றோம். 2023-ஐ மேலே சொன்னேன். 2024-இல் 14-ஆம் இடம், 2025-இலும் 14.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து

————

மறு: மறு:

> புகுபந்து நன்றாக இருக்கிறது, ஆனால் கிரிக்கெட் வாடை அடிக்கிறது. உள்ளே திரும்பி வரும் ஒரு வகைப் பந்துவீச்சு என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம், அந்த வளைவுப் பகுதிக்கே பெயர் வைக்காமல் அதற்குள் புகுவதற்குப் பெயர் வைப்பது வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுவது இல்லையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் ஐயா, ஏனென்றால் அது என் மடலில் விடுபட்ட பெரிய ஓட்டை. அந்த வளைவு கணக்குக்கு மட்டும் அல்ல, விதிக்கும் வேண்டும். 2019 முதல் 6-6-6 என்று ஒரு விதி: நடுவில் பந்தைப் போட்டு ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் ஒவ்வொரு அணிக்கும் இரு முனை வளைவுகளுக்குள்ளும் ஆறாறு பேர், நடுவில் ஆறு பேர் நிற்க வேண்டும்.

இந்த விதியின் வலி எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2025 ஜூலையில் செயின்ட் கில்டாவுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 46 புள்ளி முன்னிலையில் இருந்தோம். அவர்கள் துரத்தி வந்து சமன் செய்தார்கள். சில நொடிகளே மிச்சமிருக்க, நடுவில் பந்து போடும் நேரத்தில் எங்கள் ஆட்கள் 6-6-6 நிலையில் இல்லை. தண்டனை உதை அவர்களுக்கு. அதிலிருந்து பந்து நசியா வங்கனீன்-மிலெராவிடம் போய், சைரன் ஒலித்தபின் அவர் கோல் உதைத்தார். ஆறு புள்ளியில் தோல்வி. அடுத்த மாதத் தொடக்கத்தில் பயிற்சியாளர் சைமன் குட்வின் விடுவிக்கப்பட்டார். 57 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தவர் அவர். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு ஆறுதலைவிட வருத்தம்தான் அதிகம்.

ஆகவே பகுதிக்கு 'ஐம்பது வளைவு' என்று எளிதாக வைத்துவிடலாம். எண்ணை எடுக்க வேண்டாம். களத்தில் கோடு வரைகிறவர் முதல் வர்ணனையாளர் வரை எல்லோர் வாயிலும் அந்த ஐம்பது இருக்கிறது.

கிரிக்கெட் வாடை பற்றி: உண்மைதான். அப்பாவிடமே சோதித்துப் பார்த்தேன். 'புகுபந்து' என்று தனியாகச் சொன்னதும், "யார் போட்டது?" என்று கேட்டார். பிறகு அதே ஆட்டத்தின் பதிவைப் போட்டு, "இதோ ஒரு புகுபந்து, இதோ இன்னொன்று" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அரைமணி கழித்து அவராகவே, "இதுவும் வெறும் புகுபந்துதானா?" என்றார். அந்த 'வெறும்' என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அது போதுமான சான்று. பட்டியலில் தனியாக நிற்கும்போது குழப்பம் வராமலிருக்க, விளக்கத்தில் ஆட்டத்தின் பெயரைச் சேர்த்துவிடலாம்:

புகுபந்து – ஆஸ்திரேலியக் கால்பந்தில், நடுக்களத்திலிருந்து எதிரணியின் ஐம்பது வளைவுக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் ஒவ்வொரு தடவையும். உதைத்தோ, குத்தியோ, ஏந்தி ஓடியோ சேர்க்கலாம். புள்ளி கிடைத்ததா என்பது கணக்கில் இல்லை.

மாற்றுக் கருத்து இல்லையென்றால் இந்த வடிவிலேயே பட்டியலில் ஏற்றிவிடலாம். 'கொட்டுதை' பற்றி இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொட்டு என்றால் தேள் கொட்டுவதும் பறை கொட்டுவதும்கூட நினைவுக்கு வருகிறது, அதனால் எனக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து