ஓபியாய்டு ஏற்பி நொதியைத்தானே அடக்குகிறது, பொட்டாசியம் சேனல் எப்படித் திறக்கிறது?

மருந்தியல்_இரண்டாம்_ஆண்டு:
வணக்கம். மியூ எனும் ஓபியாய்டு ஏற்பியில் மார்ஃபின் ஒட்டியதும் ஜிஐ எனும் ஜி புரதம் கிளம்பும், அது அடினைலேட் சைக்ளேஸ் எனும் நொதியை அடக்கும், அந்த நொதி உருவாக்கும் தூதுப்பொருளான சைக்ளிக் ஏஎம்பி குறையும் என்பது வரை புரிகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே "பொட்டாசியம் சேனல் திறக்கும், கால்சியம் சேனல் அடங்கும்" என்று போட்டிருக்கிறார்கள். சைக்ளிக் ஏஎம்பி குறைவதால்தான் இது நடக்கிறதா? இரண்டு நாளாக இதே குடைச்சல். அப்புறம் இன்னொன்று, செல்லை அடக்குகிற ஏற்பி என்றால் டோபமின் மட்டும் ஏன் கூடுகிறது?

மின்முனை:
இல்லை, சைக்ளிக் ஏஎம்பி வழியாக இல்லை. ஜி புரதத்தை ஒரே ஆள் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று துண்டுகள் சேர்ந்தது அது. சும்மா இருக்கும்போது ஆல்ஃபாவின் கையில் குவனோசின் டைபாஸ்பேட் இருக்கும். மருந்து ஒட்டியதும் ஏற்பி வளைந்துகொடுக்கும், ஆல்ஃபா அதை விட்டுவிட்டு ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், பீட்டா-காமா ஜோடி கழன்றுகொள்ளும். இப்போது வேலை செய்ய இரண்டு பேர். ஆல்ஃபா நொதியிடம் போகிறது, பீட்டா-காமா சவ்வோடு ஒட்டியபடியே நகர்ந்து பக்கத்திலுள்ள ஜிர்க் எனும் பொட்டாசியம் சேனலை நேரடியாகத் தொட்டுத் திறக்கிறது. இடையில் தூதுப்பொருள் எதுவும் இல்லாததால் ஒரு நொடிக்குள்ளேயே பொட்டாசியம் வெளியேறத் தொடங்கி, செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னேற்றமாகிவிடும்.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் எனும் பகுதியின் நரம்புச் செல் ஒன்றில் மின்முனையைச் செருகிப் பதிவு செய்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் செல், உடலே சுரக்கும் ஓபியாய்டான என்கெஃபலின் பட்டதும் கோடு கீழே இறங்கி அப்படியே அமைதியாகிவிடும், ஏற்பியை மறிக்கும் நலாக்சோன் விட்டால் மறுபடி துடிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

நரம்பு முனையிலும் இதே பீட்டா-காமாதான் என்-வகைக் கால்சியம் சேனலைப் பிடித்து நிறுத்துகிறது. கால்சியம் உள்ளே வராவிட்டால் வலிச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி-யும் வெளியேறாது. தண்டுவடத்தில் வலிச் செய்தி தடைபடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆல்ஃபா தன்னிடமுள்ள ட்ரைபாஸ்பேட்டைத் தானே உடைத்ததும் மூன்றும் மறுபடி சேர்ந்துவிடும். அதை வேகப்படுத்த ஆர்ஜிஎஸ் புரதங்கள் இருக்கின்றன.

பழைய_ஆய்வகம்:
மின்முனை சொன்னது சரி. ஆனால் இதை ஒப்புக்கொள்ள வைப்பது லேசாக இருக்கவில்லை. 1987இல் இதய மேலறைச் செல்லின் சவ்வுத்துண்டில், உட்புறமாகத் தூய பீட்டா-காமாவைத் தனியாக விட்டபோதே இதே குடும்பத்துப் பொட்டாசியம் சேனல் திறந்தது. ஆல்ஃபாதான் செய்திக்காரர், பீட்டா-காமா வெறும் துணை என்று நம்பியவர்கள் அதன்பிறகும் பல ஆண்டுகள் வாதாடினார்கள்.

கக்குவான் இருமல் கிருமியின் பெர்டூசிஸ் நச்சையும் படித்துவிடுங்கள். அது ஜிஐ ஆல்ஃபாவின் வால்முனையிலுள்ள சிஸ்டீன் எனும் அமினோ அமிலத்தில் வேதிக்குழு ஒன்றை ஒட்டிவிடும், ஏற்பியால் அதைத் தொட முடியாது. அப்போது நொதி அடங்குவதும் சேனல் திறப்பதும் சேர்ந்தே நின்றுபோகும், ஏனென்றால் ஆல்ஃபா டைபாஸ்பேட்டை விடாவிட்டால் பீட்டா-காமாவும் கழலாது.

டோபமின் கதை எளிது. நடுமூளையில் டோபமின் செல்களைக் காபா எனும் அடக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அடக்கி வைத்திருக்கின்றன. மியூ ஏற்பி அதிகம் இருப்பது அந்தக் காபா செல்களில். காவல்காரரைத் தூங்க வைத்தால் உள்ளே இருப்பவர் எழுந்து நடமாடுவார், அவ்வளவுதான்.

மருந்தியல்_இரண்டாம்_ஆண்டு:
இப்போதுதான் தெளிவானது, இருவருக்கும் மிக்க நன்றி! அப்படியென்றால் சைக்ளிக் ஏஎம்பி குறைவதற்கு மதிப்பே இல்லையா?

மின்முனை:
ஐயோ, அப்படி விட்டுவிடாதீர்கள், மருந்தை நிறுத்தும்போது வரும் அவதியில் அதற்குப் பங்கு உண்டு. 1975இல் சர்மா, க்ளீ, நிரென்பெர்க் மூவரும் வளர்ப்புச் செல்களை மார்ஃபினிலேயே நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் சைக்ளிக் ஏஎம்பி விழுந்தது, பிறகு செல் ஈடுகட்டி நொதியின் திறனைக் கூட்டிக்கொண்டதால் அளவு பழைய நிலைக்கு வந்தது. அந்த நிலையில் மார்ஃபினை விலக்கியதும் அளவு இயல்பைத் தாண்டி எகிறியது.

லோகஸ் செருலியஸிலும் இப்படி நடப்பதால், மருந்து நின்றதும் அந்தச் செல்கள் வெறிகொண்டு துடிக்கும். வியர்வை, படபடப்பு, நடுக்கம் எல்லாம் வரும். அதற்குக் குளோனிடின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது ஒட்டுவது ஆல்ஃபா-2 எனும் வேறொரு ஏற்பியில், ஆனால் அதே செல்லில், அதே ஜிஐ வழியாக, அதே பொட்டாசியம் சேனலைத் திறக்கிறது.