புடைப்பா, குமிழா, வீக்கமா: சுருள் பேரடையின் நடுப்பகுதிக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். சுருள் பேரடையின் (spiral galaxy) நடுவே விண்மீன்கள் திரண்டு தடித்திருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் bulge என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே நம் பேச்சு. நண்பர் ஒருவர் கேட்கிறார்:

> ‘குமிழ்’ சின்னச் சொல், எல்லாருக்கும் விளங்கும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

விளங்கும், சரி. ஆனால் பால்வீதியின் மையத்திலிருந்து மேலும் கீழும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழும் பெர்மி குமிழிகள் 2010இல் அறியப்பட்டன. காமாக் கதிரில் தெரியும் அவை வேறு, நாம் பெயர் தேடும் விண்மீன் கூட்டம் வேறு. இரண்டும் ஒரே பந்தியில் வந்தால் உயர்தர வகுப்பு மாணவர் குழம்பிப்போவார். ‘வீக்கம்’ என்றால் பெருவெடிப்பை ஒட்டிய அண்ட வீக்கத்தோடு மோதும்.

என் தெரிவு ‘புடைப்பு’. பக்கவாட்டில் பார்க்கும்போது தட்டின் நடுப்பகுதி மேலும் கீழும் புடைத்திருக்கிறது. அந்த வடிவத்தை மட்டும் சொல்லிவிட்டு, அது எப்படி உண்டானது என்பதில் இந்தச் சொல் தலையிடவில்லை. எம்104 பேரடையில் புடைப்பு மிகப் பெரிது, எம்33இல் இல்லையென்றே சொல்லலாம். இரண்டுக்கும் பொருந்துகிறது.

புடைப்பின் வகைகளைப் பிரித்துச் சொல்லும் அடைமொழியில்தான் கவனம் வேண்டும். புடைப்புகள் எல்லாம் குட்டி நீள்வட்டப் பேரடைகள் போன்றவை என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள்: முதிய, செந்நிற விண்மீன்கள், ஒழுங்கற்ற திசைகளில் ஓட்டம், ஆதியில் பேரடைகள் மோதி இணைந்ததால் வந்த உருவம். பிறகு வானியலாளர் ஜோன் கோர்மெண்டி போன்றோர், சில புடைப்புகள் தட்டைப் போலவே சீராகச் சுழல்வதையும் அவற்றில் இளம் விண்மீன்கள் இருப்பதையும் காட்டினார்கள். மோதல் தேவையில்லை, நடுவில் விண்மீன்கள் நீளவாக்கில் திரண்ட தண்டு (bar) வாயுவை உள்ளே தள்ள, நிதானமாக வளர்ந்தவை அவை. இவற்றுக்கு நண்பர் ஒருவர் ‘போலிப்புடைப்பு’ என்கிறார். ஆங்கில வழக்கும் (pseudobulge) அதுதான். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் அடைபட்டிருக்கின்றன. ஒன்று, இப்போது சொன்ன, வாயுவால் வளர்ந்த வகை.

இரண்டாவது நம் வீடான பால்வீதியிலேயே இருக்கிறது. ஆடி மாத இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே பார்த்தால், தனு ராசிப் பக்கம், பாதி வானத்துக்குச் சற்று மேலே பால்வீதியின் மையம். தூசி மறைப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. 1990களில் கோபே செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் அந்தப் புடைப்பு பெட்டி போலத் தெரிந்தது. தண்டின் விண்மீன்களே செங்குத்தாக நெளிந்து மேலெழுந்ததால் வந்த உருவம் அது. வாயு உள்ளே போய்ப் புதிதாகப் பிறந்ததல்ல. தண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் கச்சான் (நிலக்கடலை) கோது, சாய்வாகப் பார்த்தால் பெட்டி, நுனிப்பக்கமாகப் பார்த்தால் உருண்டை. ஆகவே ‘பெட்டிப் புடைப்பு’ ஒரு கோணத்துக்கு மட்டுமே சரி. ‘கடலைப் புடைப்பு’ தமிழகத்தில் பொருந்தலாம், ஆனால் எங்கள் பக்கம் கடலை என்றால் கொண்டைக்கடலை, அது உருண்டை! ‘கச்சான்’ அங்கே எடுபடாது.

அதனால் நான் முன்வைப்பவை: முதிய வகைக்குக் கோளப் புடைப்பு, வாயுவால் வளர்ந்ததற்குத் தட்டுப் புடைப்பு, நம் பால்வீதியினதற்குத் தண்டுப் புடைப்பு. முதலாவதை ‘இணைவுப் புடைப்பு’ என்னவேண்டாம். இளம் தட்டிலிருந்த பெரும் வாயுக் கட்டிகள் மையத்துக்கு அமிழ்ந்தும் அது உருவாகியிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. ஒரே பேரடையில் இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கும். அப்போது ‘கூட்டுப் புடைப்பு’ போதுமா, வேறு சொல் வேண்டுமா? தண்டு என்பதைச் சிலர் பட்டை என்கிறார்கள். அதை முதலில் முடிவு செய்தால் மற்றவை தாமாக அமைந்துவிடும்.