வெள்ளம் பெருகுவது வானத்தாலா, நாம் அடைத்த கரையாலா?

கரையோரன்:
எந்த ஆறு பெருகினாலும் பருவநிலை மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வெள்ளச் சமவெளியில் பட்டா போட்டுக் கொடுத்தது வளிமண்டலமா?

மழைக்கணக்கு:
அதனால் சேதம் கூடும், சரி. ஆனால் கொட்டுகிற மழையே மாறியிருக்கிறதே? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துவைக்கும். 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் ஆறு ஊர்களை அடித்துக்கொண்டு போனது. அந்த வட்டாரத்தின் ஒருநாள் பெருமழை பருவநிலை மாற்றத்தால் 3 முதல் 19 சதவீதம் வலுத்திருப்பதாக ஆய்வில் தெரிந்தது.

கரையோரன்:
அதே ஆர் ஆற்றில் 1804-லும் 1910-லும் பெருவெள்ளம் வந்திருக்கிறது. அப்புறம், மழை கூடினால் வெள்ளமும் கூடும் என்பது அவசரக் கணக்கு. 2019-ல் வந்த ஐரோப்பிய ஆய்வைப் பாருங்கள்: வடமேற்கில் வெள்ளம் கூடியிருக்கிறது, தெற்கிலும் கிழக்கிலும் குறைந்திருக்கிறது.

மழைக்கணக்கு:
அதை முழுக்கப் படித்தீர்களா நண்பரே? வடமேற்கில் இலையுதிர், குளிர்கால மழை கூடி மண் ஊறிக்கிடக்கிறது. தெற்கில் மழை குறைந்து, ஆவியாதல் கூடி, மண் வறண்டு நீரை உறிஞ்சிவிடுகிறது. கிழக்கில் உருகப் பனியே குறைவு. கூடினாலும் குறைந்தாலும் காரணம் பருவநிலைதான். நீங்கள் கூட்டிவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது!

மதகுக்காரன்:
இருவரும் வடிநிலத்தின் அளவை, அதாவது எவ்வளவு நிலத்து மழைநீர் ஓர் ஆற்றில் வந்து சேர்கிறது என்பதை, மறந்துவிட்டீர்கள். சின்ன ஓடைக்கு இரண்டு மணி நேரப் பேய்மழை போதும். அங்கே மழை வலுத்தால் வெள்ளமும் சட்டென்று ஏறும், அதுவும் நிலம் சிமென்ட் தரையானால் கேட்கவே வேண்டாம். பெரிய ஆற்றுக்குப் பல நாள் மழை, மண் ஈரம், பனி எல்லாம் ஒன்றுகூட வேண்டும். என் கவலை வேறு. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் வருடத்துக்கு 1 சதவீத வாய்ப்பு. 30 வருடத்தில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதம். இதுவும் பழைய மழையே இனியும் பெய்யும் என்று நம்பிப் போட்ட கணக்கு.

கரையோரன்:
அதற்காகக் கரையை உயர்த்திக்கொண்டே போவதா? உயர்த்தினால் தண்ணீர் கீழூருக்குப் போகும், கரைக்குப் பின்னால் இன்னும் வீடு முளைக்கும். நெதர்லாந்தில் பல இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள்.

மழைக்கணக்கு:
நல்ல வேலை. எவ்வளவு இடம் விடுவது என்பதை எதை வைத்து முடிவுசெய்வது?

கரையோரன்:
அளவீட்டை வைத்துத்தான். 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு அங்கே ரைன் ஆற்றின் வடிவமைப்பு அளவை, அதாவது கரைகள் தாங்கவேண்டிய நீரோட்டத்தை, விநாடிக்கு 15,000 கன மீட்டரிலிருந்து 16,000 ஆக்கினார்கள். கணினிக் கணிப்பு சொன்ன எண் இல்லை அது.

மழைக்கணக்கு:
15,000-ம் அளவீட்டிலிருந்து வந்ததுதானே? இரண்டே வெள்ளத்தில் மாறிய எண்ணை இன்னும் எத்தனை வருடம் நம்பச் சொல்கிறீர்கள்?