மகளை டிபென்டன்டாகக் (எங்களைச் சார்ந்தவளாகக்) காட்டினால் ரிட்டர்ன் நிராகரிக்கப்படுகிறது

கேள்வி:
2025-க்கான அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன். மகளுக்கு 20 வயது, அமெரிக்கக் குடிமகள். வேறு மாநிலத்தில் விடுதியில் தங்கி இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இன்டர்ன்ஷிப் சம்பளம் 11,200 டாலர், ஸ்காலர்ஷிப் 9,000, அவள் பெயரில் எடுத்த கல்விக் கடன் 6,500. பிப்ரவரியில் அவளாகவே ஃபைல் செய்து ரீஃபண்டும் வந்துவிட்டது. இப்போது நாங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து (வருமானம் 148,000) இ-ஃபைல் செய்தால், அவளுடைய எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இவ்வளவு சம்பாதித்தவளை டிபென்டன்டாகக் காட்ட முடியுமா?

பதில் 1:
முடியும். 24 வயதுக்குள் இருக்கும் முழுநேர மாணவிக்குச் சம்பள வரம்பே கிடையாது. ஆண்டில் ஏதாவது 5 மாதங்கள் முழுநேர மாணவியாக இருந்தால் போதும், தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. படிப்புக்காக விடுதியில் இருந்த நாட்களும் உங்கள் வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தன் செலவில் பாதிக்கு மேல் அவளே செய்திருக்கக் கூடாது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஸ்காலர்ஷிப் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் சேராது. ஆனால் அவள் பெயரில் உள்ள கடன் அவள் செய்த செலவுதான் (பெற்றோர் பெயரில் நீங்கள் வாங்கும் பேரன்ட் பிளஸ் கல்விக் கடன் உங்கள் பக்கம்). ஸ்காலர்ஷிப் போக மீதி ஃபீஸ், விடுதி, சாப்பாடு, இன்சூரன்ஸ், பயணம் எல்லாம் 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 11,000. கடன் 6,500 போக, சம்பளத்தில் 4,500 வரை அவள் தனக்காகச் செலவழித்திருக்கலாம். அதைத் தாண்டினால் உங்களால் காட்ட முடியாது. வங்கியில் சேமித்து வைத்த பணம் செலவாகாது. அதனால் அவளுடைய வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கேட்டால் அதுதான் ஆதாரம்.

பதில் 2:
நிராகரிப்புக்குக் காரணம், "உன்னை வேறொருவர் டிபென்டன்டாகக் காட்ட முடியும்" என்ற பெட்டியில் அவள் டிக் செய்யாதது. அவள் 1040-எக்ஸ் (திருத்த ரிட்டர்ன்) தாக்கல் செய்து அதைத் திருத்த வேண்டும். ரீஃபண்ட் வந்துவிட்டதால் இப்போதே அனுப்பலாம். டிபென்டன்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) சம்பளம் கூட்டல் 450, அதாவது 11,650. வரி அப்போதும் பூஜ்யம்தான், வாங்கிய ரீஃபண்டைத் திருப்பித் தர வேண்டியிருக்காது.

அது முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கில் ஐபி பின் (அடையாளத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) வாங்கி, ரிட்டர்னில் முதலாவதாகப் பெயர் உள்ளவருக்கு அதைப் போட்டு மறுபடி இ-ஃபைல் செய்யுங்கள். 2024-க்கான ரிட்டர்ன் முதல், ஐபி பின் இருந்தால் ஒரே எஸ்எஸ்என் இருமுறை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பின்னால், அதே எஸ்எஸ்என் இன்னொரு ரிட்டர்னிலும் இருப்பதாகச் சொல்லும் சிபி87ஏ கடிதம் வரலாம். உங்கள் பக்கம் சரியாக இருந்தால் ரிட்டர்னைத் திருத்தத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டிபென்டன்டுக்காகக் கிடைக்கும் 500 டாலர் கிரெடிட்டுக்காக (வரியில் கழியும் தொகை) இவ்வளவு வேலை தேவையா?

பதில் 3:
500 மட்டும் இல்லைங்க. கல்லூரி தந்த 1098-டி படிவத்தைப் பாருங்கள். முதல் கட்டத்தில் (கட்டிய ஃபீஸ்) 12,000, ஐந்தாம் கட்டத்தில் (ஸ்காலர்ஷிப்) 9,000 என்றால் கையிலிருந்து கட்டியது 3,000. கல்லூரிச் செலவுக்கான அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டில் முதல் 2,000-க்கு முழுசும், அடுத்த 2,000-க்குக் கால் பங்கும் கிடைக்கும். ஆக 2,250. டிபென்டன்டாகக் காட்டுபவருக்கு மட்டுமே இது, 8863 படிவத்தில். சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு வருமானம் 160,000 வரை முழுசாகக் கிடைக்கும், 180,000-இல் நின்றுவிடும். ஒரு பிள்ளைக்கு 4 ஆண்டுகள்தான்.

இன்னொன்று: ஸ்காலர்ஷிப் விதிகள் தடுக்காவிட்டால், அதில் 1,000-ஐ விடுதிக்குப் போனதாக வைத்து அவள் வருமானத்தில் சேர்க்கலாம். வருமானம் 12,200, டிடக்ஷன் 12,650, ஃபெடரல் வரி இல்லை. உங்கள் ஃபீஸ் கணக்கு 4,000 ஆகி கிரெடிட் 2,500 ஆகும். எப்படியும் 1040-எக்ஸ் போடுகிறாள், அதிலேயே சேர்த்துவிடுங்கள். மாநில வரியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4:
எச்-4-இல் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள் இருப்பவர்களுக்கு: 21 வயதில் எஃப்-1-க்கு (மாணவர் விசா) மாறினால், அந்த விசாவில் முதல் 5 காலண்டர் ஆண்டுகளின் நாட்கள் வரிக்கான வசிப்புக் கணக்கில் சேராது. மாறிய ஆண்டில் எச்-4 நாட்களை வைத்துப் பெரும்பாலும் ரெசிடென்டாகவே காட்டித் தப்பிக்கலாம். அடுத்த ஆண்டு முதல் அவர்கள் நான்-ரெசிடென்ட். 1040-என்ஆர், 8843 படிவங்கள் தான். டிபென்டன்டாகக் காட்ட முடியாது. ஒரே வீட்டில் இருந்தாலும் இதுதான் விதி.