செமி-ஆட்டோ ரைஃபிளுக்கு சிங்கிள் ஸ்டேஜ் ட்ரிகரா, டூ ஸ்டேஜா?

நீள்குழல்:
ஏஆர்-15, .223, 20 அங்குல பேரல். கூடவே வந்த சாதா ட்ரிகர்தான் இன்னும் இருக்கிறது. இழுக்கத் தேவையான எடை ஸ்கேலில் 6½ முதல் 7 பவுண்டு காட்டுகிறது. நெறுநெறுவென்று நகர்கிறது, எந்த இடத்தில் விடும் என்று பிடிபடுவதே இல்லை. பெரும்பாலும் 200 முதல் 600 கஜம் வரை பேப்பர் இலக்கு, படுத்தும் உட்கார்ந்தும் சுடுவது. சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ வகை ரைஃபிள்களுக்கான) போட்டியிலும் இறங்க எண்ணம். அவ்வப்போது 50 கஜத்துக்குள் இரும்புத் தட்டுகளை வேகமாகச் சுடுவதும் உண்டு. 3½ பவுண்டு சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே கட்ட இழுப்பு) கேசட், அதாவது எல்லாப் பாகமும் ஒரே பெட்டியாக வரும் ட்ரிகர், அல்லது 4½ பவுண்டு டூ ஸ்டேஜ் (இரண்டு கட்ட இழுப்பு), இரண்டில் எதை வாங்கலாம்? ஒரு பவுண்டு குறைவு என்பதால் மனம் கேசட் பக்கம் சாய்கிறது.

பத்தாம்வளையம்:
போட்டி எண்ணம் இருந்தால் பாதிக் கேள்விக்கு விதியே பதில் சொல்லிவிடுகிறது. அமெரிக்க சர்வீஸ் ரைஃபிள் விதிப்படி ட்ரிகர் குறைந்தது 4½ பவுண்டு, அதாவது சுமார் 2.04 கிலோ, தாங்க வேண்டும். ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். 3½ பவுண்டு கேசட் அங்கேயே வெளியே போய்விடும்.

அந்த எடைக்கல் இரண்டு ஸ்டேஜையும் சேர்த்துத்தான் அளக்கிறது என்பதைக் கவனியுங்கள். கைஸ்லி நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ என்ற டூ ஸ்டேஜ் ட்ரிகரை எடுத்துக்கொண்டால் முதல் ஸ்டேஜ் 2½, இரண்டாவது 2, மொத்தம் 4½. குறி பார்க்கத் தொடங்கும்போதே முதல் ஸ்டேஜை இழுத்து முடித்து, சுவரில், அதாவது விரலுக்குத் தடை தட்டுப்படும் இடத்தில், விரலை நிறுத்திவிடுகிறீர்கள். குண்டு கிளம்பும் அந்தக் கணத்தில் விரல் புதிதாகக் கூட்ட வேண்டியது மிச்சமுள்ள 2 பவுண்டு மட்டும்தான். 3½ பவுண்டு சிங்கிள் ஸ்டேஜில் மூன்றரையையும் ஒரே சுவரில் கூட்ட வேண்டும். ஸ்கேலில் கனமாக இருப்பது விரலுக்கு லேசாகத் தெரிவது இதனால்தான்.

இதைவிட முக்கியமானது உள்ளே நடப்பது. செமி-ஆட்டோவில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) பின்னால் போய், ஹேமரை (சுத்தியல் போல் அடிக்கும் பாகம்) மடக்கி, மறுபடி முன்னால் அறைந்து மூடுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்க ஹேமரும், அதைப் பிடித்துவைக்கும் முனையான சியரும் ஒன்றையொன்று ஆழமாகக் கவ்வியிருக்க வேண்டும். சிங்கிள் ஸ்டேஜில் ஆழமான கவ்வல் என்றால் நீளமான இழுப்பு. அதைச் சுருக்க வேண்டுமானால் கவ்வலைக் குறைத்தாக வேண்டும். டூ ஸ்டேஜ் இந்த இக்கட்டைத் தீர்க்கிறது: ஓய்வில் கவ்வல் ஆழமாகவே இருக்கும், முதல் ஸ்டேஜை இழுக்கும்போதுதான் அது குறைந்து விளிம்புக்கு வரும். சுடாமல் விரலை எடுத்தால் பழையபடி முழு ஆழத்துக்குத் திரும்பிவிடும். எம்1 காரண்ட் முதல் எம்14 வரை ராணுவ ரைஃபிள்கள் டூ ஸ்டேஜோடு வந்ததற்கு இந்தப் பாதுகாப்பு நல்ல காரணம்.

தட்டுவேட்டு:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டுகளை வேகமாகச் சுடும்போது சிங்கிள் ஸ்டேஜ்தான் எளிது. சுவர் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், ரீசெட்டும் (சுட்டபின் ட்ரிகர் அடுத்த ரவுண்டுக்குத் தயாராகும் தூரம்) குறுகலாக, தெளிவாக இருக்கும். டூ ஸ்டேஜில் பழகாதவர்கள் ஒவ்வொரு முறையும் விரலை முழுக்க முன்னால் விட்டுவிட்டு, இரண்டு ஸ்டேஜையும் ஒரே இழுப்பில் அடித்துவிடுகிறார்கள். ரைஃபிள் ஆடுகிறது, குண்டு விலகுகிறது. ரீசெட் சொடுக்கு கேட்டவுடன் விரலை அங்கேயே நிறுத்தப் பழகினால் இந்தக் குறை பெரிதும் போய்விடும்.

3½ பவுண்டுக்குக் கீழே உள்ள சிங்கிள் ஸ்டேஜ் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெஞ்சில் வைத்து, தோளில் அழுத்தாமல் லேசாகப் பிடித்துச் சுட்டால், ரைஃபிள் பின்னால் போய் முன்னால் திரும்பும்போது ட்ரிகர் தானாகவே விரலில் வந்து இடித்து இரண்டாவது ரவுண்டும் வெடிக்கலாம். ட்ரிகரில் பழுது இருக்காது. லேசான பிடியும் லேசான ட்ரிகரும் சேர்ந்ததன் விளைவு இது. சுட்ட பிறகும் விரலை ஒரு விநாடி பின்னாலேயே அழுத்திவைத்தால் நிற்கும்.

நீள்குழல்:
நன்றி. டூ ஸ்டேஜ் என்று முடிவாகிவிட்டது. அது வரும்வரை சாதா ட்ரிகரில் மெல்லிய ஸ்பிரிங் போட்டு, சியரை உரசிப் பாலிஷ் செய்து ஓட்டலாமா?

ஆணியும்சுருளும்:
சியரைத் தொடாதீர்கள். மேற்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது, அந்த அடுக்கு மிக மெல்லியது. கல்லால் தேய்த்தால் அடுக்கு போய்விடும், கோணமும் மாறும். முதலில் வழவழப்பாகத் தெரியும், அப்புறம் வேகமாகத் தேயும். சியர் முனையில் துளி கிரீஸ் வைத்தாலே பாதி நெறுநெறுப்பு அடங்கும்.

ஹேமர் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டாம். மெல்லியது போட்டால் இழுப்பு எடை குறையும், அடியும் குறையும். ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (அடிபட்டுத் தீப்பற்றும் அடிமூடி) கடினம். சுட்டும் வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பாருங்கள், பிரைமரில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் ஹேமர் ஸ்பிரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புதியதை வாங்குவதற்கு முன், ட்ரிகரையும் ஹேமரையும் தாங்கும் பின்னின் (pin, ஆணி) விட்டத்தைப் பாருங்கள். பொதுவான அளவு 0.154 அங்குலம். சில பழைய கோல்ட் ரைஃபிள்களில் 0.170 இருக்கும். மாட்டும்போது ஹேமர் ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் ட்ரிகர் பின்னின் மேல் உட்கார வேண்டும், அதில் ஒன்று பின்னின் ஓரப் பள்ளத்தில் விழ வேண்டும். பின்னை நழுவாமல் பிடிப்பது அந்தக் கால்தான். மேல் ரிசீவர் (ரைஃபிளின் மேற்பாதி) இல்லாத நிலையில் ஹேமரை விட்டு அடிக்கவிடாதீர்கள், கீழ் ரிசீவர் சேதமாகலாம். கட்டைவிரலால் தாங்கி மெதுவாக இறக்குங்கள்.

பூட்டியதும் சோதனை. மேகசினைக் கழற்றி, சேம்பரை (தோட்டா அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, காலி என்று உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள்.

ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தி இழுத்து விடுங்கள். சேஃப்டியை எடுக்கும்போது ஹேமர் விழவே கூடாது. அடுத்து ட்ரிகரை இழுங்கள், ஹேமர் விழ வேண்டும். விரலை எடுக்காமல் சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைப் பின்னால் இழுக்கும் பிடி) முழுக்க இழுத்து விடுங்கள், பிறகு விரலை மெல்லத் தளர்த்துங்கள். ஒரு சொடுக்கு கேட்கும், ஹேமர் ஏறியே இருக்க வேண்டும். இதைப் பத்துப் பதினைந்து தடவை, வேகமாகவும் மிக மெதுவாகவும் செய்யுங்கள்.

விரல் பின்னால் இருக்கும்போதே போல்ட்டோடு ஹேமரும் விழுந்தால், டிஸ்கனெக்டர் (விரல் தளரும்வரை ஹேமரைப் பிடித்துவைக்கும் பாகம்) பிடிக்கவில்லை. விரலைத் தளர்த்தும்போது விழுந்தால், சியர் கவ்வும் முன்பே டிஸ்கனெக்டர் விட்டுவிடுகிறது. இரண்டில் எது நடந்தாலும் அந்த ரைஃபிளில் தோட்டா போடக்கூடாது. அரத்தால் சரிசெய்ய முனையாமல் பாகத்தை மாற்றுங்கள். கடைசியாக, ஹேமரை ஏற்றி, சேஃப்டி இல்லாமல், ரப்பர் விரிப்பில் ரைஃபிளின் பட்-டை (தோளில் வைக்கும் முனை) ஓங்கி ஊன்றுங்கள். அப்போதும் ஹேமர் விழக்கூடாது.

முதல் தடவை ரேஞ்சில் மேகசினில் ஒரு ரவுண்டு, அடுத்து இரண்டு. அதில் தவறில்லை என்றால் மட்டும் முழு மேகசின்.

பத்தாம்வளையம்:
இன்னொன்று. சரியாக 4½ காட்டும் ட்ரிகரோடு எடைச் சோதனைக்குப் போகாதீர்கள். சில நூறு ரவுண்டுகளில் பாகங்கள் படிந்து எடை சற்று இறங்கும். ட்ரிகர் வளைவின் நடுவில் ஸ்கேலை மாட்டி ஐந்து தடவை அளந்து, எல்லாமே 4½-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். ஒன்று கீழே போனாலும் போட்டிக்கு முன் ட்ரிகர் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.