வினோத்ராஜ் படம் மாதிரி நடைக் காட்சி எடுக்க எதையெல்லாம் கவனிக்கணும்?

கேள்வி:
பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 'கொட்டுக்காளி' ரெண்டையும் பார்த்தோம். இரண்டிலும் பின்னணி இசை இல்லை, பயணம்தான் கதை. எங்கள் குறும்படத்தில் நாலு நிமிட நடை, ஒரே ஷாட், உச்சிவெயில். மிரர்லெஸ் கேமரா, கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி), சட்டையில் குத்தும் ரெண்டு காலர் மைக் இருக்கு. எங்கே சொதப்பும்? அவர் இந்தப் பாணிக்கு எப்படி வந்தார்?

பதில் 1:
முதலில் ஒரு திருத்தம். 'கூழாங்கல்'லில் யுவன் சங்கர் ராஜாவின் இசை உண்டு, ரொம்ப அளவாக. இசையே இல்லாதது 'கொட்டுக்காளி' (2024).

வினோத்ராஜ் மதுரை மேலூர்ப் பக்கத்துக்காரர். இயக்குநர் சற்குணத்திடம் உதவி இயக்குநராக இருந்தார், பிறகு மணல்மகுடி நாடகக் குழுவில். வசனத்தைவிட உடம்பை நம்புகிற குணம் அந்த நாடகத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட சகோதரி 13 கி.மீ. நடந்தே வந்ததுதான் முதல் படமான 'கூழாங்கல்'லின் விதை. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே.

அவர் படத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை, கவனியுங்கள். 'கூழாங்கல்'லில் பையன் பஸ் காசைக் கிழித்துப் போடுகிறான், அதனால்தான் நடையே. வழியில் கண்ணாடிச் சில்லால் வெயிலை அப்பன் முதுகில் அடிக்கிறான். தாகத்துக்கு வாயில் கூழாங்கல்லை ஒதுக்கிக்கொள்கிறான். 'கொட்டுக்காளி'யில் வழிமறிக்கும் காளையை ஒரு சின்னப் பெண் ஓட்டிப்போகிறாள், ஆம்பளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் நாலு நிமிடத்துக்கும் இப்படி மூன்று செய்கையாவது எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நிமிடத்திலேயே அலுப்புத் தட்டும்.

பதில் 2:
மணிக்கு 5 கி.மீ. வேகம் என்றால் நாலு நிமிடத்துக்கு 330 மீட்டர் ஆள் நடமாட்டமில்லாத பாதை வேண்டும். முன்கூட்டியே அளந்து, செய்கை வரும் இடத்தில் கல் வைத்து அடையாளம் செய்யுங்கள்.

நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி, லாக்கில் (பிறகு நிறம் திருத்த வசதியான பதிவு முறை) ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 என்றால், உச்சிவெயிலில் லென்ஸ் துளையை எஃப் 5.6இல் வைக்க 7 ஸ்டாப் என்டி தேவை. என்டி என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர், ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். என்டி இல்லாமல் ஷட்டர் வேகத்தை ஏற்றிச் சமாளித்தால் கால்கள் வெட்டி வெட்டித் தெரியும். திருப்பித் திருப்பி அளவை மாற்றும் வேரியபிள் என்டியை வைட் லென்ஸில் கடைசி வரை திருப்பினால் ஃபிரேமில் எக்ஸ் மாதிரிக் கறுப்பு விழும். அளவு மாறாத ஃபிக்ஸட் என்டியே நல்லது, அதிலும் ஐஆர் (அகச்சிவப்புக் கதிர்) தடுப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மலிவானதில் கறுப்புத் துணி செம்பழுப்பாகிவிடும்.

நிழல் பொருந்த, எல்லா டேக்கையும் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே முடியுங்கள். கிம்பல் மேல்கீழ் ஆட்டத்தைப் பிடிக்காது. முழங்காலை மடித்து நடக்கணும்.

பதில் 3:
இசை இல்லையென்றால் சவுண்டுக்குத்தான் கூடுதல் வேலை. பொட்டல்காட்டுக் காற்றில் காலர் மைக்கை வெளியே குத்தினால் வெறும் இரைச்சல்தான் வரும். சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டி, மேலே முடிக் கவர் மாட்டுங்கள். பருத்திச் சட்டை போதும், பாலியஸ்டர் உரசும்.

கேமராக்காரரின் காலடியும் சேர்ந்து பதிவாகும், அவர் மெத்தென்ற ரப்பர் செருப்பில் நடக்கட்டும். நடிகரின் காலடியை அதே மண்ணில், அதே செருப்போடு, கேமரா இல்லாமல் தனியாக ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிட ஆம்பியன்ஸ் (அந்த இடத்தின் இயல்பான சத்தம்) பதிவு செய்யுங்கள். இது இல்லாவிட்டால், ஷாட்டை நடுவில் வெட்ட நேர்ந்தால் காற்றின் சத்தம் பொசுக்கென்று மாறும். அதை மறைக்க இசை போட வேண்டிவரும்.