சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் கெமைண்டேயைத் தெரிந்துகொள்ளுங்கள்

"இங்கே பிரதமர் யார் அண்ணா?" என்று போன வாரம் வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டார். பிரதமரே கிடையாது. ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள். அதிபர் பதவி வருடத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். இந்த வருடம் யார் என்று கேட்டால் என் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

நம் அன்றாடத்தைத் தீர்மானிப்பது கன்டோன் என்ற மாநிலமும், அதற்குள் இருக்கும் கெமைண்டேயும்தான். கெமைண்டே நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, ஆனால் வருமான வரி போடும் அதிகாரமும் உண்டு. வந்த 14 நாளுக்குள் அங்கே பதிந்துவிடுங்கள். சுக் கன்டோனில் வரி குறைவு என்று ஓடாதீர்கள், மிச்சத்தை வாடகை விழுங்கிவிடும். இன்னொன்று: குடியுரிமைக்குப் பத்து வருடமும் சி அனுமதியும் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கன்டோனிலோ கெமைண்டேயிலோ இரண்டு முதல் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வருடத்தில் வேறு கன்டோனுக்கு வீடு மாற்றிவிட்டுத் தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவக் காப்பீடு எடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு. சரி, மூன்று மாதக் காசு மிச்சம் என்று நானும் கணக்குப் போட்டேன். முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று.

வருடத்துக்கு நான்கு தடவை வரை மக்கள் வாக்கெடுப்பு. 2012இல் ஆறு வார விடுமுறை வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று மூன்றில் இரண்டு பங்கினர் சொன்ன ஊர் இது! அதே மக்கள் 2024 மார்ச்சில் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியத்துக்கு, அதாவது வருடத்துக்கு ஒரு மாத ஓய்வூதியம் கூடுதலாகத் தருவதற்கு, ஆம் என்றார்கள். அதனால் இவர்கள் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பொருளாதாரம் திடமானது. பிராங்க் வலுவாக நிற்கிறது, பாசல் நகரில் மருந்துக் கம்பெனிகள் இருக்கின்றன. 2023இல் கிரெடிட் சுவிஸ் வங்கி விழுந்து, போட்டி வங்கியான யூபிஎஸ் கைக்குப் போனபோது பலருக்கும் அதிர்ச்சிதான். நாம் கவனிக்க வேண்டியது வேறு. மக்கள்தொகை 2024இல் 90 லட்சத்தைத் தாண்டியது. அதை ஒரு கோடிக்குள் நிறுத்தச் சொல்லி வலதுசாரி எஸ்விபி கட்சி, மக்கள் வாக்கெடுப்புக்காகக் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நமக்கு வேலை அனுமதி ஏற்கெனவே வருடத்துக்கு 8,500தான். ஆகவே மொழி வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், நடுநிலை நாடு என்றால் ராணுவம் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். குடியுரிமை வாங்கினால் மகனுக்கும் படைச் சேவைக் கடிதம் வரும். வீட்டம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.